ரேகை விழாத கட்டம்

ரேகை மைக்கு ஒரு வாடை உண்டு. எண்ணெயும் கரியும் கலந்து, பல பேர் விரல் வியர்வையும் ஊறிப் புளித்துப்போன வாடை. சர்க்கார் சம்பளம் வாங்கிய காலமெல்லாம் அந்த மைப்பெட்டி என் மேசையின் வலது ஓரத்தில் இருந்தது. அதைத் திறந்த கையால்தான் மத்தியானச் சோறும் தின்றேன். அப்போது ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஆடி மாதத்துக்குப் பிறகு அந்த வாடை வந்தாலே என் முகம் தானாகச் சுளிக்கும். வயதாகிவிட்டது, எதைக் கண்டாலும் இவருக்கு முகச்சுளிப்புதான் என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும். முகம் சுளிக்க வேண்டியதைக் கண்டு சுளிக்காமல் இருந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து மலைக்குப் பிரிகிற வண்டிப்பாதை முக்கில் ஒரு சின்னக் காட்டிலாகா ஆபீஸ் இருந்தது. பிறகு அதை இடித்துப் பருத்திக் கிட்டங்கி கட்டிவிட்டார்கள். நான் அங்கே ரைட்டர். சபைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் பழக்கிய குண்டுக் கையெழுத்து எனக்கு. அதற்காகவே வேலை கொடுத்தார்கள். மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அந்த மலைச்சரிவு முழுவதற்கும் காவலுக்குக் கார்டுகள் நான்கு பேர் என்று காகிதம் சொல்லும். ஆள் இரண்டு பேர்தான். மற்ற இரண்டு இடமும் காலி. நிரப்ப உத்தரவு இல்லை. இருந்தவர்களில் ஒருவர் எங்கள் ஆபீசுக்குத் தலைவரான ரேஞ்சர் வீட்டுக்குத் தண்ணீர் இறைப்பது, காய்கறி வாங்குவது, அந்த வீட்டு அம்மாளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று ஊருக்குள் இருந்தபடியே காடு காத்தார். மீதி ஒருவர் நரைத்த மீசைக்காரர். ஒற்றை ஆளாக அவ்வளவு மலையையும் சுற்றி வந்தார்.

முன்பெல்லாம் தை பிறந்ததும் கூலிக்கு ஆள் வைத்து, அடிவாரம் நெடுகப் புல்லை அகலமாகச் செதுக்கித் தடம் எடுப்பார்கள். கீழே பிடிக்கிற தீ அந்தத் தடத்தைத் தாண்டி மேலே ஏறாது. மாசி முதல் வைகாசி வரை தீக்காவலுக்கென்று தனி ஆட்களும் உண்டு. அந்த வருஷம் சிக்கனம் என்று சொல்லி இரண்டையும் நிறுத்தினார்கள். சரி, தீப் பிடித்தால் யார் அணைப்பது? அதற்கும் உத்தரவிலேயே பதில் இருந்தது. காட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு. ரிசர்வ் காட்டில் மேய்ச்சல் சீட்டு வைத்திருக்கிறவன் எவனானாலும், தீப் பிடித்தால் வந்து அணைக்க உதவ வேண்டும். வராவிட்டால் தண்டனை, சீட்டும் ரத்து. கூலியைப் பற்றி அந்தப் பிரிவு வாயே திறக்கவில்லை. ஆக, சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாடு மேய்க்கிறவனை அவன் மாட்டைக் காட்டி மிரட்டி இழுத்து வருவது. மேலதிகாரிகள் இதற்கு வைத்திருந்த பெயர் பொதுஜன ஒத்துழைப்பு.

இதைத் தமிழில் ஒரு படிவமாக எழுதித் தரச் சொன்னார் ரேஞ்சர். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். 'தொண்டர்கள்' என்று ஒரு இடத்தில் போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. "என்னய்யா, கள்ளுக்கடை மறியலுக்கா ஆள் சேக்கிறீரு? சர்க்கார் காகிதத்துல தொண்டனா?" என்று சிவப்பு மையால் அடித்தார். அந்தக் காலத்தில் தொண்டன் என்றால் கதர்ச்சட்டை, தடியடி, ஜெயில். கடைசியில் நான் எழுதியது இது: 'யாதொரு கூலியும் பிரதிபலனும் கோராமல், என் சுய சம்மதத்தின் பேரில், தீ அணைக்க ஆஜராவேன்.' ரேஞ்சர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதுதான்யா எழுத்து" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூட அந்த வரியை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினேன். சீ.

மாசி மாதம் சீட்டுக்காரர்கள் எல்லோரையும் ஆபீஸ் வேப்பமரத்தடிக்கு வரவழைத்துப் படிவத்தை வாசித்தேன். அவர்களில் ஒருவர் மலைமாடு வைத்திருந்தார். மலைமாடு என்பது தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்கிற மாடு அல்ல. அது மலையில் மேய்ந்து, மலையில் கன்று போட்டு, தனக்குப் பழகிய ஒரு குரலுக்கு மட்டும் இறங்கி வரும். மலை இல்லையென்றால் அது இளைத்தே செத்துப்போகும். அவருக்கோ அந்த மாடுகளை விட்டால் வேறொன்றும் கிடையாது. நிலம் இல்லை. வயலில் கிடை போட்டுக் கொடுக்கிற எருவும், உழவுக்கு விற்கிற காளைக்கன்றும்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிவதற்கு வழி. அந்த மேய்ச்சல் சீட்டு அவர் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். எதையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

"வாரோம்யா. தீன்னா நீங்க கூப்பிடாட்டியும் வருவோம். எங்க மாடு மேயுத எடம்லா அது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாள் முச்சூடும் தீயில நிக்கவனுக்கு ஒரு கலயம் கஞ்சி உண்டுமா?"

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். சர்க்காரில் ஒவ்வொரு செலவுக்கும் அதற்கென்று ஒரு தலைப்பு வேண்டும். தலைப்பு இல்லாத செலவை யாரும் தொட முடியாது. நான் உத்தரவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கஞ்சிக்குத் தலைப்பு இல்லை" என்றேன்.

"எம்புட்டுப் பெரிய சட்டம், கஞ்சிக்கு மட்டும் எடமில்லாமப் போச்சே" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு வரிசையாக வந்து இடது பெருவிரலை நீட்டினார்கள். அவர் விரலைப் பிடித்து நான்தான் காகிதத்தில் உருட்டினேன். சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் விழுந்த ரேகை. அவ்வளவு சுத்தமாக அன்றைக்கு வேறு யாருக்கும் விழவில்லை.

பங்குனியில் ஒரு சின்னத் தீ. வந்ததும் ரேகை வைத்துவிட்டுச் சிலர் மாடு அடைக்க வேண்டும் என்று பாதியில் போய்விட்டார்கள். அதனால் ரேஞ்சர் ஒரு புது ஏற்பாடு செய்தார். இனிமேல் ஆஜர் ரிஜிஸ்தரில் ரேகையை முதலில் வாங்கக் கூடாது. தீ முழுக்க அணைந்த பிறகுதான் வாங்க வேண்டும். கட்டத்தில் ரேகை இருந்தால் வந்தவன், இல்லையென்றால் வராதவன். "நல்ல ஏற்பாடு சார்" என்றேன். யாரும் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

சித்திரையில் மேலதிகாரி ஒருவர் முகாம் வருகிறார் என்றார்கள். மலையடிவாரத்தில் இருந்த பங்களாவுக்கு வெள்ளையடிக்கப் பணம் வந்தது. அது கட்டடத் தலைப்பு. அதில் வேலை செய்கிற ஆளை ஒரு மணி நேரம் புல் செதுக்க அனுப்பினால்கூடக் குற்றம். பங்களாவுக்கு அடித்தது போகச் சுண்ணாம்பு மிஞ்சியது. மிஞ்சியதைத் திருப்பி அனுப்பவும் தலைப்பு இல்லை போலும். பாதையின் இரண்டு பக்கமும் கிடந்த கற்களுக்கு அடிக்கச் சொன்னார் ரேஞ்சர். கூலி ஆட்கள் குனிந்து நின்று கல்லுக்கு வெள்ளை பூசினார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செதுக்காத புல் இடுப்பளவு காய்ந்து நின்றது. மேலதிகாரி வரவே இல்லை.

தீதான் வந்தது. காலை பத்து மணி இருக்கும். ஆபீசிலிருந்து பார்க்கும்போதே மலையடிவாரத்தில் புகை தெரிந்தது. தமுக்கு அடித்துச் சீட்டுக்காரர்களைக் கூப்பிட்டோம். ஆள் பற்றாததால் நானும் போக வேண்டியதாயிற்று. வாடகை மாட்டுவண்டியில் ரிஜிஸ்தரையும் மைப்பெட்டியையும் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, மடியில் அணைத்தபடி போனேன். தண்ணீர்ப் பானை எடுத்துப்போக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் அந்த மலைமாட்டுக்காரர் தீயின் வாயில் நின்றார். பச்சைக் குழையைக் கத்தையாகக் கட்டி, புல்லில் ஓடிவருகிற தீயை அடித்து அடித்து அமர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் மற்றவர்கள். நரைத்த மீசைக் கார்டு அவருக்குக் கொஞ்சம் மேலே நின்று அடித்துக்கொண்டிருந்தார். தடம் எடுத்திருந்தால் தீ அந்த இடத்திலேயே நின்றிருக்கும். எடுக்கவில்லை. காற்றுத் திரும்பியதும் தீ ஒரே தாவாக மேலே போயிற்று. பட்டுப்போன மரம் ஒன்றின் கொப்பு எரிந்துகொண்டே முறிந்து கார்டின் கால் மேல் விழுந்தது. அவர் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் டிரங்குப் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலைமாட்டுக்காரர் குழையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், எரிகிற கொப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினார். கார்டு ஊர்ந்து வெளியே வந்தார். அவர் முழங்காலுக்குக் கீழே லேசான காயம்தான். தூக்கியவரின் கைகள் இரண்டும் வெந்துபோயிருந்தன.

அவரை நான் வந்த வண்டியிலேயே ஏற்றினோம். வண்டிக்காரர் தெலுங்கு பேசுகிறவர். மாடுகளைத் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டே ராஜபாளையத்து மிஷன் டிஸ்பென்சரிக்கு ஓட்டிப் போனார். வண்டியில் ஏறும்போது மலைமாட்டுக்காரர் என்னிடம், "ரேகை வைக்கணுமேய்யா" என்றார். கை இரண்டையும் முன்னால் நீட்டிப் பிடித்தபடி அதைக் கேட்டார். "பொறவு பாத்துக்கிடலாம், போங்க" என்றேன்.

சாயங்காலம் தீ அடங்கியது. வெள்ளையடித்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து, முகமெல்லாம் கரியோடு வந்தவர்களிடம் ரேகை வாங்கினேன். அவருடைய கட்டத்தைக் காலியாக விட்டேன். நாளைக்கு ஏதாவது எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு. ரேஞ்சர் வந்து பக்கத்தைப் பார்த்தார். காலிக் கட்டங்களில் யாரும் பின்னால் ரேகை சேர்த்துவிடக் கூடாது என்று, ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். வராத ஆறு பேர் கட்டத்திலும் அந்தக் கோடு விழுந்தது. மலைமாட்டுக்காரர் கட்டத்திலும் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை. பேனா நன்றாக எழுதுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனி கடைசியில் சீட்டுகளைப் புதுப்பிக்கிற வேலை. உதவ வராதவர்கள் பட்டியலைச் சுத்தப்பிரதி எடுக்க என்னிடம் தந்தார்கள். ஏழு பேர். ஏழாவது அவர். ரேஞ்சரிடம் போய், "சார், இவர் வந்தார். கையைச் சுட்டுக்கொண்டது இவர்தான்" என்றேன்.

"எனக்குத் தெரியாதாய்யா?" என்றார் ரேஞ்சர். "வந்தான்னு எழுதுனா காயத்தையும் எழுதணும். காயத்தை எழுதுனா, தடம் ஏன் எடுக்கலன்னு மேல இருந்து கேப்பான்."

"பணத்தை நிறுத்துனது அவிய தானே சார்."

"அதை நீரு எழுத்துல குடுக்கீரா?"

நான் வந்து உட்கார்ந்து பட்டியலை எழுதினேன். ஏழு பெயரும் ஒரே அளவில், ஒரே சாய்வில், அழகாக வந்தன. நரைத்த மீசைக் கார்டும் அவர் வந்தார் என்று எழுதித் தரவில்லை. எழுதினால் பழி தன் தலையில் விழும் என்று பயம். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். இரண்டு நாள் ஆபீஸ் பக்கம் வராமல் மலையிலேயே சுற்றினார். அவரை நான் குறை சொல்லப்போவதில்லை. எனக்கோ அப்படிச் சாக்குச் சொல்லக் கல்யாணத்துக்கு ஒரு மகள்கூடக் கிடையாது.

சேதி கேட்டு மலைமாட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். கைக்கட்டு அவிழ்த்திருந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி, தோல் வழவழவென்று சிவப்பாக மின்னியது. அந்த அம்மாள்தான் பேசினாள்.

"இந்தக் கையைப் பாருங்க சாமி. தீயணைக்க வராதவரு கையா இது? சோத்தை நான் பெசஞ்சு ஊட்டுதேன். மாட்டையாவது மலைக்கு விடுங்க. அதுக அவுக குரலுக்கு வரும், அதுக்குக் கை வேண்டாம்."

டிஸ்பென்சரியில் கொடுத்த சீட்டையும் நீட்டினாள். ரேஞ்சர் வாசித்தார். "கை வெந்திருக்குன்னுதான் இருக்கு. எங்க வெந்துதுன்னு இல்லையே. வீட்டு அடுப்புலயும் வேகலாம்."

"அடுப்புலயா?" அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ரைட்டர் ஐயா, நீங்க அங்கன தானே நின்னிய? வண்டியில ஏத்துனது நீங்கதான்னு சொன்னாவளே. சொல்லுங்க."

ரேஞ்சர் என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் ரிஜிஸ்தரைத் திறந்து, குறுக்கே கோடு போட்ட கட்டத்தை அவளிடம் காட்டினேன். "ரேகை இல்லையேம்மா" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்பிள்ளையிடம் ஒரு காலிக் கட்டத்தைக் காட்டிப் பேசிய என் குரலை நினைத்தால், இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அவள் அந்தக் கட்டத்தைச் செத்த நேரம் பார்த்தாள். "ரேகை வாங்க வேண்டியது நீங்க. கையைத் தீயில குடுத்தது அவுக. இதுல தப்பு யாருதுய்யா?" என்றாள்.

ரேஞ்சர் இப்போதாவது ரேகை வைக்க விடுவாரா என்று எனக்கு ஒரு நப்பாசை. கேட்டேன். "கோடு போட்ட கட்டத்துல வைக்கக் கூடாது. அது போவ, இந்தக் கையில ரேகை எங்கய்யா இருக்கு? வெறும் மைதான் ஒட்டும். அது யாரு கைன்னு எவன் சொல்லுவான்? செல்லாது" என்றார். வேண்டுமானால் மேலே மனுப் போடலாம் என்றும் சொன்னார். மனுவில் இடது பெருவிரல் ரேகை அவசியம் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

மாடுகள் ஆடி முடிவதற்குள் விலைக்குப் போய்விட்டன. மலையில் விட்டால் பிடித்து சர்க்கார் பவுண்டுப் பட்டியில் அடைப்பார்கள், தொழுவத்தில் கட்டினால் சாகும். கிழக்கே இருந்து வந்த தரகர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ராஜபாளையம் சந்தைப் பக்கம் நான் ஒரு வேலையாகப் போயிருந்தபோது பார்த்தேன். பழகாத கயிறும் ரோடும் கண்டு அவை மிரண்டு மிரண்டு நின்றன. தரகன் வாலை முறுக்கி ஓட்டினான். மலைமாட்டுக்காரர் வரவில்லை. குரல் கேட்டால் திரும்பிவிடும் என்று அவரை வர வேண்டாம் எனச் சொல்லிவிட்டார்களாம்.

இதெல்லாம் கொடுமைதான். ஆனால் மைப்பெட்டியைத் திறந்தால் நான் முகம் சுளிப்பது இதனால் அல்ல. மாடுகள் போவதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்த ஒன்றினால்.

சீட்டை ரத்து செய்த நோட்டீசைச் சம்பந்தப்பட்டவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரத்து முழுமையாகாது. அவரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தது. தனியாக வந்தார். நான் நோட்டீசை வாசித்துக் காட்டினேன். என் கையெழுத்து, என் வாசகம். 'தீ அணைக்க ஆஜராகத் தவறியபடியால்' என்று நான்தான் எழுதியிருந்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ரேஞ்சர் உள்ளேயிருந்து, "ரேகை வாங்கும்" என்றார்.

நான் எழுந்து போய், "சார், இவர் விரலில் ரேகை விழாது" என்றேன்.

"மை ஒட்டும்லா? ஒட்டுனாப் போதும். பக்கத்துல நீரு சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டார்ன்னு எழுதும்."

திரும்பி வந்து மைப்பெட்டியைத் திறந்தேன். மடங்கிய பெருவிரலை நிமிர்த்தினேன். அவருக்கு வலித்தது. மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்து மெல்ல உருட்டினேன். ஒரு சுழியும் இல்லை, ஒரு கோடும் இல்லை. வழுவழுவென்று ஒரு கரும்பொட்டு. மாசியில் இதே விரலில் நான் எடுத்த ரேகை அதே காகிதக் கட்டுக்குள் நாலு தாளுக்குக் கீழே இருந்தது.

அவர் குனிந்து அந்தக் கரும்பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்பம் இது செல்லுமாய்யா?"

"செல்லும்" என்றேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.